ஜெனரேட்டர் ஓரிடம், டீசல் ஓரிடம்: செட்டிநாட்டு நிறுவனங்கள் மழைக்காலத்துக்கு எந்த வழியில் தயாராகலாம்?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பொன்னமராவதி வட்டாரங்களில் பள்ளிக்கூடமோ முதியோர் இல்லமோ சிறு மருத்துவமனையோ கோயில் அறக்கட்டளையோ நடத்துகிறவர்கள் ஆவணி பிறந்ததும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கையில் இருக்கும் பணத்தைப் போட்டுச் சொந்தமாக எல்லாவற்றையும் வாங்கி வைப்பதா? புயல் மழை என்றால் கலெக்டர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதா? பக்கத்து நிறுவனங்களோடு உட்கார்ந்து எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்வதா? இதற்கு மேல் நான்காவது ஒன்றும் கல்யாண வீட்டுப் பேச்சுகளில் அடிபடும்: செட்டிநாடு முழுமைக்கும் ஒரு பெரிய பேரிடர்க் குழு.

“கடல் எங்கேயோ இருக்கு, நமக்கென்ன புயல்” என்று பேசிக்கொண்டிருந்த வட்டாரம் இது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை உலுக்கிவிட்டுச் சிவகங்கை, திண்டுக்கல் பக்கமும் வந்து போனது. சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் 1 லட்சத்தைத் தாண்டின. புதுக்கோட்டை மாவட்டத்தில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

அந்த நாட்களில் ஜனங்களை அதிகம் வதைத்தது காற்றோ மழையோ அல்ல, குடிதண்ணீர். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டி நிறையாது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்பினார்கள். செட்டிநாட்டுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கமிருந்து புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு ராமநாதபுரம் போகிறது. வழியில் எங்கோ ஒரு நீரேற்று நிலையத்துக்கு மின்சாரம் போனால் போதும். நம் ஊரில் ஒரு கிளைகூட ஒடியாமல் இருந்தாலும் குழாய் காய்ந்துவிடும்.

இப்படிப்பட்ட நாளில் ஒரு சின்ன ஊரில் எது எது எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெனரேட்டர் கல்யாண மண்டபத்தில். மோட்டார் பஞ்சாயத்துக்குச் சொந்தம். இழுத்துப்போக டிராக்டர் ஒரு விவசாயி வீட்டில். வயரிங் தெரிந்த ஆள் மின்வாரியத்தில். அவரும் அன்றைக்குப் பக்கத்து மாவட்டத்தில் கம்பம் நட்டுக்கொண்டிருப்பார். டீசல் பங்க்கில் இருக்கிறது, ஆனால் பங்க்கின் பம்ப்புக்கும் கரண்ட் வேண்டும். தேவையானது எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கும், ஒருவர் கையில் மட்டும் இராது. கீழே சொல்லும் நான்கு வழிகளையும் நான் எடைபோடுவது இந்த ஒன்றை வைத்துத்தான்.

முதல் வழி: தன் கையே தனக்குதவி

இந்த மண்ணின் பழைய வழி இதுதான். உயர்ந்த அடித்தளம், ஓட்டுக் கூரையில் விழும் மழையை உள்ளே வாங்கும் முற்றம், மாதக்கணக்கில் தானியம் வைக்க இடம் என்று ஒவ்வொரு நகரத்தார் வீடும் தனி ஊர் போலத்தான் கட்டப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது கிளம்பி வந்தவர்கள் என்பதால்தான் வீடுகளை இத்தனை உயரத் தூக்கிக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மெய்யோ கதையோ, கட்டடம் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அந்த வீட்டுக்குள் அன்று ஒரு பெரிய குடும்பமும் வேலைக்காரர்களும் இருந்தார்கள். இன்று அதே வீட்டில் சாவியோடு ஒரு காவல்காரர் இருக்கிறார், அல்லது அவரும் இல்லை.

நிறுவனங்கள் தனியே தயாராகும்போது வழுக்குவதும் இதே இடத்தில்தான். பொருள் வாங்கிவிடலாம். புயலன்று அதை இயக்கும் ஆளின் வீட்டுக் கூரையும் பறந்திருக்கும். அவர் வேலைக்கு வரமாட்டார், வரச் சொல்வதும் நியாயமில்லை. தினமும் ஓடாத ஜெனரேட்டரின் பேட்டரி தேவைப்படும் நாளில் செத்துக் கிடக்கும். போதாததற்கு, ஒரே சாலையில் இருக்கும் நான்கு நிறுவனங்களும் ஆளுக்கொரு ஜெனரேட்டர் வாங்கும். மரம் அறுக்கும் மெஷினோ சேறு இறைக்கும் பம்ப்போ ஒருவரும் வாங்கியிருக்கமாட்டார்கள்.

ஆனாலும் இதை ஒதுக்கித் தள்ள முடியாது. முதல் மூன்று நாள் வேறு எந்த வழியும் முழுசாக வேலை செய்யாது. சாலை அடைபட்டிருக்கும், போன் டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்திருக்கும். இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜ், ஆக்ஸிஜன், படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள் என்று பொறுப்பு உள்ளவர்கள் அந்த மூன்று நாளைச் சொந்தச் செலவில் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு மேல் பணம் போடுவதில்தான் எனக்குச் சந்தேகம். நான்காம் நாளுக்கும் சேர்த்துத் தனியாகச் சேமிப்பது, பக்கத்து வீட்டில் கிணறு இருக்கும்போது லாரித் தண்ணீருக்குச் சொல்லுவது மாதிரி.

இரண்டாம் வழி: அரசு பார்த்துக்கொள்ளும்

சட்டப்படி பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைக்கச் சொல்கிறது. மீட்புப் பணிக்குத் தேவையென்றால் தனியார் வண்டியையும் கட்டடத்தையும் எடுத்துக்கொள்ள அரசுக்கு 65ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அடுத்த பிரிவு அதற்கு இழப்பீடு தரச் சொல்கிறது. இந்த அதிகாரம் எந்த அறக்கட்டளைக்கும் கிடையாது. எச்சரிக்கை தருவது, நெடுஞ்சாலையில் விழுந்த மரத்தை அகற்றுவது, மின்தடம் மீட்பது எல்லாம் அரசால்தான் முடியும். ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்த மாநிலம், 2013இல் பைலின் வந்தபோது கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே இடம்மாற்றியது. அந்த முறை உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அங்கேயும் புயல் காப்பகங்களைப் பராமரிக்கக் கிராமத்திலேயே குழுக்கள் இருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

செட்டிநாட்டின் இடைஞ்சல் அதன் இருப்பிடம். சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இருக்கிறது. புயல் என்றால் அந்த நிர்வாகத்தின் கண் முதலில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் பக்கம்தான் போகும், போகவும் வேண்டும். மேற்கே பொன்னமராவதிக்கு முறை வர நேரமாகும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில், நம்மிடமிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளி. முன்கூட்டியே அனுப்பினாலும் கடலோரத்துக்குத்தான் அனுப்புவார்கள். இது குறையல்ல, வரிசை. அந்த வரிசையில் நம் இடம் எது என்று தெரிந்திருந்தால் நல்லது.

இன்னொன்று, அரசு என்பது ஒரே ஆள் இல்லை. நம் கண்மாய்களே இதற்குச் சாட்சி. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு என்ற உபரிநீர் வாய் வழியே மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. தண்ணீர் ஒன்றுதான். ஆனால் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. ஊருணி பஞ்சாயத்துப் பொறுப்பு. கோயில் தெப்பக்குளம் அறநிலையத் துறையிடமோ தனி அறக்கட்டளையிடமோ இருக்கும். நடுவே வரும் பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. ராத்திரி ஒரு மணிக்குக் கரை கசிகிறது என்று போன் போட்டால் “அது நம்ம லிமிட் இல்லீங்களே” என்ற பதில் வருவது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. லிமிட் அப்படித்தான் போட்டிருக்கிறது. மேல் கண்மாயின் கரையை எந்த இடத்தில் வெட்டிவிடுவது என்பதைக் கீழ் கண்மாய்க்காரருக்குச் சொல்லாமல் முடிவெடுத்தால் ஓர் உடைப்பு வரிசையாக நான்கு உடைப்பாகும். மாவட்ட எல்லையை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. 1077 என்ற பேரிடர் எண் மாவட்டத்துக்கு மாவட்டம் தனிக் கட்டுப்பாட்டு அறை. எல்லையோர ஊர்க்காரர்களுக்கு உதவி பத்து கிலோமீட்டரில் இருக்கும், ஆனால் அது அடுத்த கலெக்டருடையதாக இருக்கும்.

ஆக, இந்த வழி இல்லாமல் முடியாது. இது மட்டும் போதவும் போதாது.

மூன்றாம் வழி: அக்கம்பக்கத்தோடு ஒரு பக்கத் தாள்

ஆபத்தில் யார் எதைத் தருவது, செலவு யாருடையது என்று பக்கத்து நிறுவனங்கள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வதுதான் இந்த வழி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

“ஆபத்து என்றால் யாரும் கேட்காமலே ஓடி வருவார்கள், இதற்கு எதற்கு எழுத்து?” என்று கேட்பவர்கள் உண்டு. ஓடி வருவது உண்மைதான். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் 600க்கும் மேற்பட்ட படகுகளோடு உள்நாட்டுக்குள் வந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். 2023 டிசம்பர் மழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியபோது, உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்து ஊர் ஜனங்கள்தான் முதலில் சமைத்துப் போட்டார்கள். முதல் நாள் நல்ல மனசு போதும். பத்தாம் நாள்தான் பில் வரும். மண்டபத்து ஜெனரேட்டரை இரவு பகலாக ஓட்டிக் கெடுத்தது யார்? டீசல் காசு யார் கணக்கு? மரம் அறுக்கப் போன பையனுக்குக் கையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? இதையெல்லாம் முன்பே பேசி வைக்காவிட்டால் அடுத்த புயலுக்கு மண்டபக்காரர் சாவியைக் கொடுக்க யோசிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அமெரிக்க மாநிலங்கள் இந்தப் பத்தாம் நாள் பிரச்சினையைத் தீர்க்கத்தான் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1992இல் ஃபுளோரிடாவை ஆண்ட்ரூ சூறாவளி சிதைத்த பிறகு தொடங்கிய பேச்சு, 1996இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. உதவி கேட்கும் மாநிலம் செலவைத் திருப்பித் தரும், அனுப்பப்பட்ட ஆட்களின் பொறுப்பு யாருடையது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. இன்று எல்லா மாநிலங்களும் அதில் இருக்கின்றன. பெரிய தேசத்துச் சமாச்சாரம் என்று தள்ள வேண்டாம். அதில் இருக்கும் சங்கதி ஒரு தெருவுக்கும் பொருந்தும்.

நமக்கு இன்னும் பொருத்தமானது ஜப்பானின் டோனோ. மலைகளுக்கு நடுவே, கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் சிறு நகரம். அடுத்து ஆழிப்பேரலை வந்தால் கடலோர ஊர்களுக்குத் தாங்கள் பின்தளமாக இருப்போம் என்று 2007 வாக்கிலேயே திட்டம் போட்டார்கள். அடுத்த ஆண்டு ராணுவமும் கடலோர நகராட்சிகளும் சேர்ந்து அங்கே பெரிய ஒத்திகை நடத்தின. 2011 மார்ச் 11இல் பேரலை வந்தபோது மீட்புப் படைகளும் தொண்டர்களும் நிவாரணப் பொருளும் டோனோ வழியாகத்தான் கடலோரத்துக்குப் போயின. காரைக்குடியும் தேவகோட்டையும் தொண்டி, மீமிசல் கரைக்கு அதே மாதிரி ஒரு தூரத்தில் இருக்கின்றன. வண்டியில் அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம், மேடான நிலம், நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே வேளையில் சமைக்கும் அடுப்படியும் அண்டாவும் உள்ள மண்டபங்கள். ஒரே பந்தியில் ஆயிரம் இலை போடத் தெரிந்த சமையல்காரர்களை நம் ஊர்களில் தேட வேண்டியதில்லை.

இந்த வழியின் பெரிய ஓட்டை எது என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மழையில் நனைவார்கள். உன் பள்ளியில் தண்ணீர் புகுந்தால் என் பள்ளியிலும் புகும். அதனால் கூட்டாளிகளில் ஒருவராவது வேறு நீர்வழியைச் சேர்ந்தவராகவும், முடிந்தால் அடுத்த மாவட்டக்காரராகவும் இருக்க வேண்டும். காரைக்குடிப் பள்ளி ஒன்று அரிமளம் பக்கத்துப் பள்ளி ஒன்றோடும் கடலோரத்துப் பள்ளி ஒன்றோடும் கைகோப்பது, பக்கத்துத் தெருவில் ஐந்து பேரோடு சேர்வதைவிட மேல்.

இரண்டாவது ஓட்டை, ஆட்கள் மாறுவது. கோயில் காரியக்காரர்கள் முறை வைத்து மாறுகிறார்கள், பள்ளித் தலைமையாசிரியருக்கு மாற்றல் வருகிறது, தாசில்தார் இரண்டு வருஷம் இருந்தால் அதிசயம். தாளில் பெயரை எழுதாமல் பொறுப்பை எழுத வேண்டும்: “மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர், யாரையும் கேட்காமல் திறக்கலாம்” என்று. இந்த “யாரையும் கேட்காமல்” இல்லாவிட்டால் தாளே வீண். டிரஸ்டி சிங்கப்பூரில் தூங்கிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவது. யார் கையெழுத்து முதலில், யாருக்கு முதல் மரியாதை என்பதில் நல்ல காரியங்கள் நின்றுபோன வரலாறு நம்மிடம் நிறைய. அதைவிட முக்கியம், திறக்கும் மண்டபத்துக்குள் யார் வரலாம் என்பது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித் மக்களும் இருளர்களும் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. தாழ்வான பகுதியில் முதலில் தண்ணீர் புகும் குடியிருப்புகள் பெரும்பாலும் யாருடையவை என்று எல்லோருக்கும் தெரியும். “எந்தத் தெருக்காரராக இருந்தாலும் ஒரே கூடம், ஒரே பந்தி” என்ற வரி தாளில் இருக்க வேண்டும். அந்த வரிக்கு ஒப்பாதவரோடு ஜெனரேட்டர் பங்குபோடுவதில் எனக்கு விருப்பமில்லை.

நான்காம் வழி: செட்டிநாட்டுப் பேரிடர்ப் பேரவை

லெட்டர்பேட், தலைவர், ஐந்து துணைத் தலைவர்கள், தொடக்க விழாவில் பொன்னாடை. அடுத்த மழைக்கு யார் ஜெனரேட்டரைக் கொண்டுவருவது என்பது மட்டும் தீர்மானத்தில் இராது. கிண்டலாகச் சொன்னாலும் பெரிய அமைப்பு எப்போதும் வீண் என்று சொல்லமாட்டேன். நாகப்பட்டினத்தில் ஆழிப்பேரலை அடித்த சில நாட்களில், 2005 ஜனவரி தொடக்கத்தில், தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தொடங்கியது. எந்தக் கிராமத்தில் என்ன தேவை, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற தகவலைச் சேர்த்துத் தருவதுதான் அதன் முதல் வேலை. நூற்றுக்கணக்கான அமைப்புகள் ஒரே ஊரில் பழைய துணியைக் கொட்டிக்கொண்டிருந்த வேளையில் அது பெரிய உபகாரம். அதற்கு முன்கை எடுத்தவை ஏற்கெனவே மீனவர்களிடையே வேலை செய்துகொண்டிருந்த அமைப்புகள். அதிகாரிகளும் அவர்களை நம்பினார்கள். அந்தப் பழைய பழக்கம் இல்லாமல் வெறும் மேடையில் பிறக்கும் பேரவைக்கு அந்தத் தெம்பு வராது.

வெளியூர், வெளிநாட்டு நகரத்தார் பணம் திரட்ட மட்டும் பெரிய அமைப்பு உதவும். அதற்கும் புதிதாக ஒன்று தேவையில்லை. ஊருக்கு ஊர், மணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக எண்ணும் நகரத்தார் புள்ளிக் கணக்கு இருக்கிறது, புள்ளி வரி வசூலித்த பழக்கம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பூட்டிய வீடுகளின் சாவி யாரிடம், சுவர் சரிந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இரண்டு விவரத்தை மட்டும் சேர்த்தால் போதும்.

அப்படியானால் யாருக்கு எது?

முதியோர் இல்லமும் மருத்துவமனையும் முதல் வழியில் மூன்று நாளை முடித்துவிட்டுத்தான் மூன்றாவதற்கு வர வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. நோயாளியை வைத்துக்கொண்டு பக்கத்து ஆளின் டீசலை நம்ப முடியாது. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். மழை நாளில் பிள்ளைகள் வரமாட்டார்கள், கட்டடம் காலியாக இருக்கும், அரசு அதை நிவாரண முகாமாக எடுக்கவும் செய்யும். அதனால் பள்ளி முதலில் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணத்தைக் கழிப்பறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போடலாம். முகாம் நடக்கும் இடத்தில் முதலில் திணறுவது கழிப்பறைதான்.

மண்டபமும் விடுதியும் வைத்திருக்கும் அறக்கட்டளைகள் வாங்க வேண்டியது அதிகமில்லை, கொடுக்க வேண்டியதுதான் அதிகம். புதுவயல் அரிசி ஆலைகள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள் போன்ற தொழிற்கூடங்களை இந்தப் பேச்சுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. லாரி, சுமை தூக்கும் ஆட்கள், இயந்திரம் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்க்காத தாள் பாதித் தாள். காரைக்குடியின் பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் தங்களுக்கென்று ஏற்பாடுகள் செய்துகொள்ளும் அளவுக்குப் பெரியவை. அவற்றிடம் கேட்க வேண்டியது திடலும் தங்க இடமும்தான்.

கண்மாய்ச் சங்கிலியில் இருக்கும் ஊர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். அங்கே கூட்டாளியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, தண்ணீர் தேர்ந்தெடுக்கிறது. மேலே யார், கீழே யார் என்ற வரிசைப்படி பாசனக்காரர்களின் போன் எண்களும், மணல் மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறது என்பதும், எந்தக் கலுங்கில் எந்த அளவு தண்ணீர் போனால் அடுத்த ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் போதும்.

எந்தத் தாளாக இருந்தாலும் ஒரு நகல் தாசில்தார் அலுவலகத்திலும் ஒன்று தீயணைப்பு நிலையத்திலும் இருக்கட்டும். இரண்டாம் வழியோடு மூன்றாம் வழியை முடிச்சுப்போடுவது அந்த நகல்தான். இல்லாவிட்டால் நீங்கள் முதியோர் இல்லத்துக்கென்று பேசி வைத்த டிராக்டரையே வருவாய்த் துறை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. ஆவணியில் கையெழுத்து முடிந்தால் புரட்டாசியில் ஓர் ஒத்திகைக்கு நேரம் இருக்கும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லோரும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தொட்டியை நிரப்பிப் பாருங்கள். எந்தச் சாவி கிடைக்கவில்லை, எந்தப் போன் எடுக்கப்படவில்லை, எந்த பிளக் எதில் பொருந்தவில்லை என்று குறித்து வைத்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே அந்த வரிகளைத் திருத்திவிடலாம்.